செட்டிநாட்டு வீட்டில் காபித்தூளை மணம் போகாமல் வைத்திருப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இன்றும் பலர் அரிசி, புளி, மிளகாய் வற்றல், பருப்பு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, சாமான் அறையில் ஏற்றிவிடுகிறார்கள். அரிசி பழசானால் சோறு உதிரியாக வரும். புளி பழசானால் கறுத்துக் குழம்புக்குத் தனி ருசி கொடுக்கும். ஆகவே பழசு என்ற சொல்லுக்கு எங்கள் அடுப்படியில் மரியாதை உண்டு. அதே மரியாதையைக் காபித்தூளுக்கும் கொடுத்துவிடுவதால் வருவதுதான், நல்ல கடையில் நல்ல விலைக்கு வாங்கிய தூள் பத்தாம் நாளே சப்பென்று போய்விட்டது என்ற புகார். சேமிக்கும் முறையில் காபித்தூளைப் பாலுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டுமே தவிரப் புளிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

என் அப்பத்தா காபித்தூளைச் சேமித்ததே இல்லை. அவர் சேமித்தது வறுக்காத பச்சைக் கொட்டையை. பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் வரை ஈரம் இருக்கும். காய்ந்த, காற்றோட்டமான இடத்தில் சாக்கிலேயே கட்டி வைத்தால் ஏறத்தாழ ஓராண்டு வரை அது பெரிதாகக் கெடாது. வாரத்திற்கு ஒரு முறை அதிலிருந்து இரண்டு படி எடுத்து, கைப்பிடி வைத்த இரும்பு உருளையில் போட்டுக் கரி அடுப்பின் மேல் சுற்றுவார். கொட்டை படபடவென்று வெடிக்கும் ஓசை கேட்ட பிறகு சற்று நேரம் பொறுத்து, முறத்தில் கொட்டி விசிறி ஆறவைத்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் போட்டுவைப்பார். மறுநாள் காலைக்கு வேண்டியதைப் பலகை விளிம்பில் திருகி மாட்டிய கை மிஷினில் அரைப்பது பேரப்பிள்ளைகளின் வேலை. அன்றைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவிடமாட்டார். பெரிய வீடு, பெரிய சாமான் அறை என்ற ஏற்பாடு இப்படித்தான் காபிக்கும் பொருந்திவந்தது. பிறகு அரைத்த தூளாகவே வாங்கும் பழக்கம் வந்தது. உருளையும் மிஷினும் பரணுக்குப் போயின. ஆனால் மொத்தமாக வாங்கி நிரப்பும் கை மட்டும் மாறவில்லை.

தூளுக்குள் நடப்பது என்ன?

கொட்டையை வறுக்கும்போது அதன் உள்ளே கரியமில வாயு உண்டாகி அடைபட்டுக் கிடக்கிறது. முழுக் கொட்டையிலிருந்து இந்த வாயு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், மெல்லக் கசிகிறது. அரைத்துவிட்டாலோ அதில் பெரும்பங்கு சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. போகும்போது எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறது. கடையில் அரைக்கும் மணம் தெருமுனை வரை வந்து நம்மை இழுப்பது மகிழ்ச்சியான செய்திதான் என்றாலும், நம் தம்ளருக்கு வரவேண்டியதிலிருந்து அது கழிந்துபோகிறது என்பதும் உண்மை.

வாயு வெளியேறிய இடத்தில் காற்று புகுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் காபியின் எண்ணெயோடு சேர்ந்து, பழைய முறுக்கில் வருமே, அந்தக் காறல் வாடையைக் கொண்டுவருகிறது. கொட்டையாக இருந்தபோது வெளித்தோல் மட்டுமே காற்றில் படும். தூளானபின் ஒவ்வொரு துகளும் எல்லாப் பக்கமும் காற்றில் படுவதால் இந்தக் கேடு பல மடங்கு விரைவாக நடக்கிறது. வெப்பம் இதை இன்னும் விரைவுபடுத்தும். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் மார்கழியில் இரண்டு வாரம் தாங்கிய தூள், பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டும் எங்கள் கத்தரி வெயிலில் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. நேர் வெளிச்சமும் இதே வேலையைச் செய்யும்.

ஈரத்தின் கதை வேறு. வறுத்த காபியில் மிகக் குறைந்த ஈரமே எஞ்சியிருப்பதால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. சிக்கரி கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரைக் காயவைத்து வறுத்து அரைப்பது. அதில் இருக்கும் சர்க்கரைச் சத்து ஈரத்தைக் காபியைவிட வேகமாக உறிஞ்சும். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்தால் தூள் கட்டி தட்டியிருப்பதும், ஃபில்டரில் போட்டால் டிகாஷன் இறங்காமல் மேலேயே நிற்பதும் பெரும்பாலும் சிக்கரியால் வருவன. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கலப்புத் தூளில் காபியின் பங்கு 51 சதவீதத்திற்குக் குறையக் கூடாது. அதாவது பாதிக்குச் சற்றே குறைவாகச் சிக்கரி சேர்த்தாலும் சட்டப்படி குற்றமில்லை. கலப்பு அளவை உறையில் அச்சிடவேண்டும் என்பதும் விதி. ஆகவே வாங்கும்போதே அந்த எண்ணைப் பாருங்கள்; சேமிக்கும் முறையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

எவ்வளவு வாங்குவது?

சேமிப்பின் முக்கால் பங்கு வாங்குவதிலேயே முடிந்துவிடுகிறது. ஒருவருக்கு ஒரு வேளைக் காபிக்குச் சுமார் 8 கிராம் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்றுத் திடமாகக் குடிப்பவர்களுக்கு 10. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் காலையும் மாலையும் போட்டால் நாளைக்கு 32 கிராம், வாரத்திற்கு 224 கிராம். ஆகவே அந்த வீட்டுக்கு வாரம் கால் கிலோ போதும். நால்வர் இருந்தால் அரை கிலோ. ஒரு கிலோ வாங்கினால் விலையில் சற்றுக் குறைத்துக் கொடுப்பார்கள் என்பதற்காக இருவர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ வாங்கினால், நான்காவது வாரம் குடிப்பது நிறமும் கசப்பும் கலந்த பாலாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் அரைத்த தூள் முதல் வாரம் நன்றாகவும், இரண்டாம் வாரம் சுமாராகவும் இருக்கும். அதன் பிறகு வருவதைக் காபி என்று விருந்தாளிக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கடையில் கண் முன்னே வறுத்து அரைத்துத் தருபவர் இருந்தால் அவரிடம் வாங்குவதே மேல். கொட்டை என்றைக்கு வறுத்தது என்று தயங்காமல் கேளுங்கள். அரைத்த சூட்டோடு காகித உறையில் கட்டித் தருவார்கள். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த நீர் மறுபடி தூளில் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் உறையின் வாயைச் சற்றுத் திறந்து, உலர்ந்த இடத்தில் அரை மணி நேரம் வைத்து, கையில் தொட்டால் சூடு தெரியாத நிலையில் டப்பாவுக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் திறந்து வைக்கவேண்டாம். உள்ளே மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய காகித உறையாக இருந்தாலும் அது கடையிலிருந்து வீடு வரை வருவதற்கான உறை. ஒரு வாரம் காப்பதற்கானது அன்று.

நிறுவனங்கள் விற்கும் அலுமினியத் தாள் உறையின் கதை இதற்கு நேர்மாறானது. அந்த உறை வெளிச்சத்தையும் காற்றையும் நம் வீட்டு டப்பாக்கள் பலவற்றைவிட நன்றாகத் தடுக்கும். அதைக் கத்தரித்து, தூளை டப்பாவில் கொட்டி, உறையைக் குப்பையில் போடுவது வீண். உறைக்குள் இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, துணிக்கிளிப் ஒன்றை மாட்டி, அந்த உறையையே டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். தூள் குறையக் குறைய உறையும் சுருங்கும் என்பதால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவாகவே இருக்கும். சில உறைகளில் பொத்தான் போல ஒரு சிறு வட்டம் இருக்கும். உள்ளே சேரும் வாயு வெளியேறவும், வெளிக்காற்று உள்ளே நுழையாமலும் இருக்க வைத்த ஒருவழி வால்வு அது. அதை மூக்கருகே வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் காபியின் மணம் தெரியும். வாங்குவதற்கு முன் கடையிலேயே இப்படிப் பார்க்கலாம். கடைக்காரர் முறைத்தால் நான் பொறுப்பில்லை.

எந்தப் பாத்திரம்?

செட்டிநாட்டில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர், பர்மாவிலிருந்து வந்த மங்கு எனப்படும் எனாமல் பாத்திரம், ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடி, பித்தளைச் சம்புடம் என்று ஒவ்வொரு வீட்டிலும் அடுக்கடுக்காக இருக்கும். இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை காபித்தூளுக்குப் பொருந்தா என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

பீங்கான் ஜாடி பார்க்க அழகானது, வெளிச்சத்தை முழுவதும் தடுப்பது, சூட்டை எளிதில் வாங்காதது. குறை அதன் மூடியில் இருக்கிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பது உப்பாலும் புளிப்பாலும் மேலே நிற்கும் எண்ணெயாலும். மூடி அங்கே தூசு விழாமல் இருக்க மட்டுமே. காபிக்கு மூடிதான் முழுக் காவல். பழைய ஜாடியில் தூளைப் போட ஆசைப்பட்டால், உறையோடு மடித்துக் கட்டிய தூளை உள்ளே வையுங்கள். ஜாடி வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் காவல், உறை காற்றுக்குக் காவல் என்று வேலை பிரிந்துவிடும். முன்பு ஊறுகாய் போட்ட ஜாடியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். பளபளப்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அவற்றில் ஏறிய மணம் எத்தனை கழுவினாலும் போகாது.

பித்தளைச் சம்புடத்தில் ஈயம் பூசியிருந்தாலும் தூளை நாள்கணக்கில் வைக்கவேண்டாம். மங்குப் பாத்திரத்தின் மூடி சும்மா உட்கார்ந்திருப்பதே தவிர இறுகுவதில்லை. பிளாஸ்டிக் டப்பா முதல் வாங்கிய காபியின் எண்ணெய் வாடையைத் தன்னுள் வாங்கி, அடுத்தடுத்து வரும் தூளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும். கண்ணாடி பாட்டில் எந்த வாடையையும் பிடிக்காது, மூடியும் திருகி இறுகும். ஆனால் அலமாரிக்குள் இருட்டில் வைக்கவேண்டும். எனக்கு மிகவும் உகந்தது இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா. அடங்கிய மூடிக்குள் இன்னொரு மூடி உள்ள இரட்டை மூடி டப்பா கிடைத்தால் விடாதீர்கள்.

மூடி எவ்வளவு இறுக்கம் என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. காலி டப்பாவை நன்றாக மூடி, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய வாளியில் முழுவதும் அமிழ்த்திப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து வெளியேற வழி தேடும். மூடியின் விளிம்பைச் சுற்றிக் குமிழிகள் வரிசையாக வந்தால் அந்த டப்பா சர்க்கரைக்கோ உப்புக்கோ ஆகும், காபிக்கு ஆகாது. சோதித்தபின் டப்பாவைத் துடைத்து, வெயிலில் ஒரு பொழுது கவிழ்த்துக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அளவும் முக்கியம். கால் கிலோ தூள் சுமார் முக்கால் லிட்டர் இடத்தை நிரப்பும். மூன்று லிட்டர் தூக்கின் அடியில் கால் கிலோ தூள் கிடந்தால் மேலே இரண்டே கால் லிட்டர் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். திறக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிய காற்றாக மாறுகிறது. ஆகவே வாங்கும் அளவுக்கு ஏற்ற டப்பா ஒன்று, அன்றாடத்துக்கு மூன்று நான்கு நாள் தூள் கொள்ளும் சிறு டப்பா ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியதை வாரத்தில் இரண்டு முறை திறந்தால் போதும். காலையும் மாலையும் திறந்து மூடும் வேலையைச் சிறியது ஏற்றுக்கொள்ளும். கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டுவைப்பதில் தவறில்லை. ஆனால் அது காபிக்கு மட்டுமேயான, ஒருபோதும் ஈரம் படாத கரண்டியாக இருக்கவேண்டும். பாலில் சர்க்கரை கலக்கிய கரண்டியை அவசரத்தில் துடைத்துவிட்டுத் தூளுக்குள் விடுவதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

எந்த இடம்?

இந்தப் பகுதியில் எழுதுவதற்கென்றே சிறப்பாக ஒன்று இருக்கிறது. எங்கள் அடுப்படி அலமாரியில் கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, பட்டை, கிராம்பு, சோம்பு, பெருங்காயம் எல்லாம் ஒரே தட்டில் நிற்கும். காபித்தூள் தன் மணத்தை விடுவதில் எவ்வளவு தாராளமோ, அடுத்தவர் மணத்தை வாங்குவதிலும் அவ்வளவு தாராளம். சில ஆண்டுகளுக்கு முன், புதிதாக அரைத்த மசாலாப் பொட்டலத்தைக் காபி டப்பாவின் மேலேயே வைத்துவிட்டு நான் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டேன். டப்பாவின் மூடி சற்றே நசுங்கியது என்பதை அதுவரை நான் பொருட்படுத்தவில்லை. திரும்பி வந்து போட்ட காபியில் முதல் வாய்க்குக் காபியும், விழுங்கியபின் தொண்டையில் சோம்பும் கல்பாசியும் தெரிந்தன. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "காபியா, கோழிக் குழம்பா, சொல்லிட்டுக் குடுங்க" என்றார்கள். மசாலாச் சாமான்களுக்கும் காபிக்கும் இடையே குறைந்தது ஒரு சுவராவது வேண்டும் என்பது அன்று முதல் எங்கள் வீட்டு விதி.

அடுப்புக்கு மேலே உள்ள தட்டு கைக்கு எட்டும் என்பதால் எல்லோரும் காபி டப்பாவை அங்கே வைக்கிறார்கள். சூடும், கொதிக்கும் பாலின் ஆவியும் நேரே ஏறுவது அங்கேதான். ஃப்ரிட்ஜின் தலையும் கூடாது. அது பின்புறம் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சாமி அறை அலமாரியில் கற்பூரமும் ஊதுவத்தியும் இருக்கும், அதுவும் வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் பீரோவிலும் அலமாரிகளிலும் அந்துருண்டை போட்டுவைப்பது வழக்கம். அந்த வாடை ஏறிய தூளை எதனாலும் மீட்கமுடியாது.

பழைய வீடாக இருந்தால் உங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள் பகல் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கோடையிலும் காலுக்குச் சில்லென்று இருக்கும். வெளிச்சம் படாத உள் அறையில், மேற்கு வெயில் படாத சுவரில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்கும் மரப் பிறையே, அதாவது சுவர் மாடமே, காபி டப்பாவுக்கு நல்ல இடம். தரையோடு வைக்கவேண்டாம், மழைக்காலத்தில் தரை வேர்க்கும். புதிய கான்கிரீட் வீடாக இருந்தால், மொட்டை மாடியின் சூடு இறங்கும் மேல் தட்டுகளைத் தவிர்த்து, அடுப்பிலிருந்து தள்ளி, கீழ்த்தட்டு மூடிய அலமாரியைத் தேர்ந்தெடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ளவேண்டும். கால் கிலோவுக்குப் பதிலாக நூறு, நூற்றைம்பது கிராமாக வாங்கலாம். கடையில் சிக்கரியைத் தனிப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி, ஃபில்டரில் போடும்போது கலந்துகொண்டால், ஈரம் பிடித்தாலும் சிக்கரி மட்டுமே கட்டி தட்டும், காபி தப்பிக்கும். டப்பாவுக்குள் அரிசியை முடிந்து போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அரிசி வாங்கும் ஈரம் மிகச் சிறிது. முடிச்சு அவிழ்ந்தால் ஃபில்டரில் பொறுக்கவேண்டியது நிறைய.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

அன்றாடம் எடுக்கும் தூளை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும், நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த தூளின் மேல் பனியாகப் படியும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்; அதே வேர்வை தூளின் ஒவ்வொரு துகளிலும் நடக்கிறது. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று எடுத்து வைத்தால் ஒரு வாரத்தில் பதினான்கு முறை தூள் வேர்க்கிறது. இதோடு நேற்றைய மீன் குழம்பு, வெங்காயம், தோசை மாவு ஆகியவற்றின் வாடையும் சேரும்.

உறைநிலைப் பெட்டியான ஃப்ரீசரில் வைப்பது வேறு. அதை முறையாகச் செய்தால் நன்மை உண்டு. சென்னையிலிருந்து வரும் உறவினர் ஒரு கிலோ கொண்டுவந்து கொடுத்துவிட்டார், தூக்கி எறிய மனமில்லை என்றால் இதைச் செய்யலாம். தூள் வந்த அன்றே, பழசாவதற்கு முன்பே, அதை ஒரு வாரத்துக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கனமான ஜிப் உறையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, அதை இன்னொரு உறைக்குள் வைத்து, வெளியே தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரின் அடியில் வையுங்கள். வேண்டும்போது ஒரு பொட்டலத்தை மட்டும் இரவே எடுத்து வெளியே வைத்து, காலையில் அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கவேண்டும். முழு உத்தியும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. வெளியே எடுத்த பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. நெடுநேர மின்தடை வரும் ஊர்களில், கதவு திறந்தால் பனிக்கட்டி சொட்டும் பழைய ஃப்ரிட்ஜ்களில், இந்த முயற்சியே வேண்டாம். வறுத்த முழுக் கொட்டையானால் ஃப்ரீசரில் தூளைவிட நன்றாகத் தாங்கும்.

முழுக் கொட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: மணத்தில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் அரைக்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வதைவிடச் சிறந்த சேமிப்பு முறை இல்லை. வறுத்த கொட்டை நல்ல டப்பாவில் மூன்று நான்கு வாரம் தாங்கும். பரணில் கிடக்கும் பழைய கை மிஷினின் பல் தேயாமல் இருந்தால் அதுவே போதும். முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்து உள்ளிருக்கும் பழைய எண்ணெயை எடுத்துவிடுங்கள். வீட்டு மிக்ஸியானால் மசாலா அரைக்கும் ஜாரைத் தொடாமல் தனி ஜார் வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடேறும். பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்க முனைபவர்கள் அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல் சாக்கிலோ துணிப்பையிலோ வைத்து, ஈரமும் வண்டும் வராமல் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளவேண்டும். ஈரம் பச்சைக் கொட்டையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு மேற்குக் கடற்கரையின் மான்சூன்ட் மலபார் காபியே சான்று. பருவக்காற்றில் வேண்டுமென்றே வாரக்கணக்கில் கிடத்தி, கொட்டை ஊதி வெளிர் மஞ்சளாகும்வரை விடுகிறார்கள். அங்கே அது தேர்ந்த கையால் நடப்பது. நம் சாமான் அறையில் தானாக நடந்தால் அதற்குப் பூஞ்சை என்று பெயர்.

இன்ஸ்டன்ட் காபிக்குச் சொல்ல அதிகம் இல்லை. அது முன்பே வடித்து உலர்த்திய காபி என்பதால் மணம் போவதைவிட ஈரம் பிடிப்பதே அதன் ஒரே ஆபத்து. ஆவி வரும் பாத்திரத்தின் மேல் பாட்டிலைச் சாய்த்துத் தட்டாமல், உலர்ந்த கரண்டியால் எடுத்து உடனே மூடிவிட்டால் போதும்.

படைப்பு, சாந்தி, கல்யாண வீடுகளில்

பெரிய அளவில் வாங்கியே தீரவேண்டிய நாட்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ வீடு திறக்கும்போது, நூறு பேருக்கு இரண்டு வேளைக் காபி என்றால் 8 கிராம் கணக்கில் நாளைக்கு 1 கிலோ 600 கிராம் தூள் வேண்டும். மூன்று நாளைக்கான தூளை ஒரே மூட்டையாக வாங்கி அடுப்பருகே வைத்து, சமையல்காரர்கள் ஈரக் கையால் அள்ளுவதே வழக்கம். அதற்குப் பதில் அரை கிலோ உறைகளாகவே கட்டித் தரச் சொல்லுங்கள். ஒன்று தீர்ந்தபின் ஒன்றைப் பிரித்தால் மூன்றாம் நாள் காபியும் முதல் நாள் காபியாக இருக்கும். மிஞ்சியவை பிரிக்காத உறைகளாக இருப்பதால் ஊருக்குத் திரும்பும் உறவினர் பெட்டிகளில் ஒவ்வொன்றாகப் போய்விடும். பலகாரத்தோடும் மசாலாப் பொடியோடும் ஒரே பெட்டியில் காபித்தூளும் போவதானால், அதை இரண்டு உறை போட்டுத் துணிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

மிஞ்சிய டிகாஷனை மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடலாம். அதைத் தனியே கொதிக்கவைக்காமல், சூடான பாலை அதன் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இருக்கும் தூள் புதிதா பழையதா என்ற ஐயம் வந்தால் ஃபில்டரே சொல்லிவிடும். தூளின் மேல் கொதிநீரைச் சிறிது விட்டுப் பாருங்கள். புதிய தூளாக இருந்தால் உள்ளிருக்கும் வாயு கிளம்பி, மேல்பரப்பு மெல்ல உப்பி, பழுப்பு நுரை கட்டி, ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அமரும். பழைய தூள் நனைந்த மணலைப் போல அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடக்கும் தூளை வாணலியில் மறுபடி வறுத்தால் மணம் திரும்பாது, கருகல்தான் வரும். உலர்ந்த பழந்தூளால் உடம்புக்குக் கேடில்லை என்பதால் சற்று அதிகமாகப் போட்டுத் தீர்ப்பது உங்கள் விருப்பம். கட்டியில் வெள்ளையோ பச்சையோ படர்ந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். ஈரம் படாத பழந்தூளைக் கிண்ணத்தில் இட்டு ஃப்ரிட்ஜின் மூலையில் வைத்தால் மீன் வாடையை வாங்கிக்கொள்ளும்.

டப்பா காலியானதும் கழுவாமல் அதிலேயே புதுத் தூளைக் கொட்டுவது பலருக்கும் வழக்கம். காலி டப்பாவுக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பாருங்கள். அடியிலும் மூடியின் வளைவிலும் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயின் காறல் தெரியும். வாசனைச் சோப்பு வேண்டாம். வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, மூடியின் மடிப்பைத் தேங்காய் நாரால் துலக்கி, கழுவி, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெயில் படும் இடத்தில் டப்பாவையும் மூடியையும் தனித்தனியே கவிழ்த்துவிடுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதானால் தூளைக் கையோடு எடுத்துக்கொண்டு, காய்ந்த டப்பாவை மூடாமல், மூடியைப் பக்கத்திலேயே மல்லாத்தி வைத்துவிட்டுப் போங்கள்.